ஊரே ஆராய்ச்சி செய்யட்டும், நாம் சம்பளம் கொடுப்போம்

பழங்குடி ஊர்களுக்கு வெளியாட்கள் போய் ஆராய்ச்சி செய்வதை விட, அந்த ஊர்க்காரர்களுக்கே ஃபெலோஷிப், அதாவது ஆராய்ச்சி செய்வதற்கான உதவித்தொகை, கொடுத்து, அவர்களுக்கு வேண்டிய ஆராய்ச்சியை அவர்களே செய்ய விடலாம் என்று போன மாதம் ஒரு பதிலில் எழுதியிருந்தேன். நாலு வரிதான் இருக்கும். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த மாதம் பக்கம் முழுக்க அதற்கே. கடிதங்களைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன். சிலர் பெயர் வேண்டாம் என்றதால் எல்லோருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

ஈரோடு வாசகர்: நானும் என் மனைவியும் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். வருடத்துக்கு 6 லட்சம் ரூபாய் வரை பழங்குடி மக்கள் பற்றிய ஆராய்ச்சிக்கு ஃபெலோஷிப்பாகக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். முதுகலை முடித்தவர்களுக்கு மட்டும் என்று வைத்தால்தான் தரம் இருக்கும் என்கிறார் பேராசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: வணக்கம் ஐயா. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், மனசு நிறைந்துவிட்டது. ஆனால் அந்த நிபந்தனையை மட்டும் தயவுசெய்து வைக்காதீர்கள்.

அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி அங்குள்ள காட்டின் மற்ற உயிர்களைத் தின்று தீர்த்துக்கொண்டிருக்கின்றன. 2017 ஜனவரியில் அங்குள்ள பல்கலைக்கழக ஆட்கள் உதவிக்குக் கூப்பிட்டது யாரைத் தெரியுமா? செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் இரண்டு பேரை. மாசி சடையன், வடிவேல் கோபால். அங்கே போய்ச் சேர்ந்து இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்பு பிடித்தார்கள். பட்டம் பார்த்து யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை, பாம்பு போன தடத்தை மண்ணில் படிக்கத் தெரிந்தவர்கள் என்றுதான் கூப்பிட்டார்கள். 2023இல் இரண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. முதுகலை நிபந்தனை வைத்தால் உங்கள் ஃபெலோஷிப்புக்கு இந்த இரண்டு பேரும் விண்ணப்பிக்கவே முடியாது.

இன்னொன்று. "பழங்குடி மக்கள் பற்றிய ஆராய்ச்சி" என்று எழுதியிருக்கிறீர்கள். "பழங்குடி மக்கள் செய்யும் ஆராய்ச்சி" என்று மாற்றிவிடுங்கள். கேள்வி எங்கிருந்து வருகிறது, பணம் யார் கையில் இருக்கிறது, எழுதி முடித்த நோட்டு யார் வீட்டில் இருக்கப் போகிறது என்ற மூன்றும் அந்த ஒரு சொல்லில் மாறிவிடும். நான் சொல்ல வருவது முழுக்க இதைப் பற்றித்தான்.

6 லட்சத்தை எப்படிப் பிரிக்கலாம் என்று நான் போட்டுப் பார்த்த கணக்கைச் சொல்கிறேன். ஒரே ஊரிலிருந்து இரண்டு பேர், அதில் ஒருவராவது பெண். ஆளுக்கு மாதம் 15,000 என்றால் வருடத்துக்கு 3,60,000. மீதி 2,40,000. அவர்களுக்குத் துணையாக இருந்து எழுதவும் கணக்குப் போடவும் சொல்லித் தருகிறவருக்கு 60,000, பயணத்துக்கும் போனுக்கும் 60,000, ஊர்க்கூட்டம் கூடும் நாட்களில் சாப்பாட்டுக்கும் கடைசியில் அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுப்பதற்கும் 40,000, ஆஸ்பத்திரி மாதிரி அவசரத்துக்கு 30,000. பாக்கி 50,000 ரூபாயை ஊர்ப் பெரியவர்களுக்கு என்று தனியாக வையுங்கள். அவர்கள் ஒரு நாள் முழுக்கக் காட்டில் கூட நடந்து மரத்துக்கு மரம் பெயர் சொல்லும்போது அன்றைய கூலி போகிறது. நூறு நாள் வேலைக்கே தமிழ்நாட்டில் 2025-26இல் ஒரு நாளைக்கு 336 ரூபாய் என்று வைத்திருந்தார்கள், அறிவைக் கொடுக்கிறவர்களுக்கு அதற்கும் கீழே ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு முடித்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்? நாளுக்கு 500 என்றால் 100 நாள் வரும்.

இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. இருபது வருடம் முன்னால் மலையில் ஓர் ஆய்வுத் திட்டத்தில் குறிப்பெடுக்கும் வேலைக்கு இருந்தேன். ஊரிலிருந்து ஓர் அக்கா மூன்று மாதம் எங்களோடு நடந்தார். மொழிபெயர்த்தது அவர், யார் வீட்டில் எப்போது போகலாம் போகக்கூடாது என்று சொன்னது அவர், நாங்கள் தப்பாக எழுதிய பாதிப் பெயர்களைத் திருத்தியதும் அவர். அறிக்கை வந்தபோது அவர் பெயர் கடைசிப் பக்கத்தில் "உதவியவர்கள்" பட்டியலில் எழுத்துப் பிழையோடு இருந்தது. சேலை ஒன்று எடுத்துக் கொடுத்தோம். அறிக்கை ஆங்கிலத்தில், ஒரு பிரதிகூட அந்த ஊருக்குப் போகவில்லை. நானும் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை, அது இன்றைக்கும் உறுத்துகிறது.

அப்புறம் சில நடைமுறை விஷயங்கள். ஆளை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். ஊர்க்கூட்டத்தில் வைத்து, "உங்களுக்கு எதைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும், யாரை அனுப்புவீர்கள்" என்று கேட்டு அவர்களை முடிவு செய்ய விடுங்கள். அந்த ஊரில் பல வருடமாக வேலை செய்கிற, ஊர்க்காரர்கள் நம்புகிற ஓர் அமைப்பு வழியாகப் போவது நல்லது, நேரடியாகப் போய் இறங்க வேண்டாம். விண்ணப்பம் என்று எட்டுப் பக்கப் படிவம் கொடுக்காமல் அவர்கள் மொழியிலேயே போனில் பத்து நிமிடம் பேசிப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். பணம் மாதம் 1ஆம் தேதி வந்துவிட வேண்டும். பில் கொண்டுவா, அப்புறம் தருகிறேன் என்பதெல்லாம் மாதச் சம்பளக்காரர்களுக்குச் சரிப்படும், அன்றாடம் கூலிக்குப் போகிறவரிடம் அது நடக்காது. இரண்டு மாதம் தள்ளிப்போனால் அவர் காப்பித் தோட்டத்துக்குப் பழம் பறிக்கப் போய்விடுவார், போகத்தான் வேண்டும், வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. தேன் எடுக்கும் காலம், அறுவடை, ஊர்த் திருவிழா, ஒரு சாவு என்றால் வேலை நிற்கும், அதற்கும் சேர்த்துத்தான் வருடக் கணக்கு. ஒரு வருடத்தை விட இரண்டு வருடம் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது, முதல் ஆறு மாதம் பழகவே போய்விடும்.

மதுரை, ஆய்வு மாணவர்: அக்கா, முனைவர் பட்ட ஆய்வுக்காக நீலகிரியில் ஓர் ஊருக்கு மூன்று முறை போய்விட்டேன். பேச மறுக்கிறார்கள். "எழுதிக்கிட்டுப் போனவங்க யாரும் திரும்பி வரலை" என்கிறார் ஒரு பெரியவர். நான் நல்ல எண்ணத்தோடுதான் போகிறேன். எப்படிப் புரிய வைப்பது?

பதில்: தம்பி, அவர்களுக்குப் புரியாமல் இல்லை. அந்தப் பெரியவர் ஒரே வரியில் உனக்குப் பாடம் எடுத்திருக்கிறார்.

நீலகிரி மலைவாழ் மக்களின் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, அதில் அரிவாள் செல் தன்மை, அதாவது சிவப்பணுக்களை அரிவாள் மாதிரி வளைய வைக்கிற பரம்பரைக் கூறு, இருக்கிறது என்று லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1952இல் எழுதினார்கள். இந்தியாவில் அந்த நோய்க்கூறு முதலில் பதிவானதே அங்கேதான். மருத்துவ வரலாற்றில் அது பெரிய விஷயம். ஆனால் அந்த நோயை ஒழிக்க நாடு தழுவிய இயக்கம் தொடங்கியது எப்போது? 2023 ஜூலை 1. நடுவில் 71 வருடம். அந்த இடைவெளியில் மூட்டு வலியோடும் இரத்தச் சோகையோடும் குழந்தைகள் இருந்த வீடுகளில், கைநீட்டி இரத்தம் கொடுத்தவர்களின் பேரன் பேத்திகளும் இருந்திருப்பார்கள். கூடலூரில் 1990இல் வந்த ஆதிவாசி மருத்துவமனை மாதிரி, அந்தச் சமூகத்துப் பெண்களையே நர்ஸாகவும் சுகாதாரப் பணியாளராகவும் ஆக்கி வைத்தியம் பார்த்த இடங்கள் இல்லாவிட்டால் இன்னும் மோசம்.

அமெரிக்காவில் நடந்ததையும் தெரிந்துகொள். கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குள்ளே வாழ்கிற ஹவாசுபாய் மக்களிடம் சர்க்கரை நோய் அதிகமாக இருந்தது. காரணம் கண்டுபிடிக்கலாம் என்று 1990இலிருந்து அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் இரத்த மாதிரி எடுத்தது. அவர்களும் நம்பிக் கொடுத்தார்கள். 2003இல் அந்தச் சமூகத்தைச் சேர்ந்த கார்லெட்டா டிலூசி என்ற பெண் அதே பல்கலைக்கழகத்தில் ஒரு முனைவர் பட்ட உரையைக் கேட்க உட்கார்ந்திருக்கிறார். பேசப்படுவது தன் ஊர்க்காரர்களின் இரத்தம் என்று அப்போதுதான் தெரிகிறது. மனநோய், நெருங்கிய உறவில் மணம், அவர்கள் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்றெல்லாம் அந்த இரத்தத்தை வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். இந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்தோம் என்பது அவர்களுடைய தெய்வ நம்பிக்கை, அதையே மறுக்கிற ஆராய்ச்சிக்குத் தங்கள் இரத்தமே போயிருக்கிறது. வழக்கு 2010இல் சமரசமாகி 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுத்தார்கள், மிச்சமிருந்த மாதிரிகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தக் குப்பிகளை வாங்கப் போனபோது குளிர்பெட்டி முன்னால் நின்று அவர்கள் அழுதுகொண்டே பாடினார்கள்.

அந்த இரத்தத்தை எடுத்தவர்களில் எத்தனையோ பேர் உன் மாதிரி நல்ல எண்ணத்தோடு வந்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள், தம்பி. அதனால் நல்ல எண்ணம் மட்டும் போதாது.

நீ செய்யக்கூடியது இது. அடுத்த முறை நோட்டு இல்லாமல் போ. உன் தலைப்பைச் சொல்லாமல் அவர்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேள். பட்டா மனு எங்கே நிற்கிறது, யானை ஏன் புது வழியில் வருகிறது, ஓடையில் ஏன் மாசியிலேயே தண்ணீர் வற்றிவிடுகிறது என்று ஏதாவது சொல்வார்கள். அதை உன் ஆய்வுக்குள் கொண்டுவர முடியுமா என்று உன் நெறியாளரிடம் சண்டை போட்டாவது கேள். உன் ஃபெலோஷிப்பில் களப்பணிக்கு என்று வரும் தொகையில் ஊர்க்காரர் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து, கட்டுரையில் அவர் பெயரையும் ஆசிரியராகப் போடு. எழுதியதை வெளியிடும் முன் ஊரில் தமிழிலோ அவர்கள் மொழியிலோ படித்துக் காட்டு, இது வேண்டாம் என்று சொன்னதை எடுத்துவிடு. பழங்குடி மக்களிடம் செய்யும் ஆய்வு அவர்களுக்கே பயன்படுவதாக இருக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறையே சொல்கிறது. அது மருத்துவத்துக்கு எழுதியதுதான், மற்ற துறைக்கும் எடுத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

இவ்வளவும் செய்த பிறகும் வேண்டாம் என்றால் வந்துவிடு. மறுக்கவும் அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

நாகர்கோவில் வாசகி: காணிக்காரர்களின் ஆரோக்கியப்பச்சை விஷயத்தில் இலாபத்தில் பங்கே கொடுத்தார்களாமே, அதை விடச் சிறந்த முன்மாதிரி வேண்டுமா?

பதில்: நல்ல முன்மாதிரிதான், ஆனால் பாதி வழிதான் வந்தது என்பது என் கருத்து. தெரியாதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1987இல் அகத்தியமலைக் காட்டில் புஷ்பாங்கதன் தலைமையிலான விஞ்ஞானிகள் நடக்கிறார்கள், இவர்களுக்கு மூச்சு வாங்குகிறது. வழிகாட்ட வந்த காணிப் பழங்குடி இளைஞர்கள் ஏதோ ஒரு பழத்தை மென்றுகொண்டு சளைக்காமல் ஏறுகிறார்கள். என்ன அது என்று கேட்டால் முதலில் சொல்லத் தயங்கினார்கள், அது சமூகத்துக்குள் வைத்திருக்கிற விஷயம். பிறகு சொன்னார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரம் பக்கம் பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி 1995இல் கோவை ஆர்ய வைத்திய ஃபார்மசிக்கு உரிமம் கொடுத்தது. கட்டணம் 10 லட்சம், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி, இரண்டிலும் பாதி காணிகளுக்கு. 1997இல் அவர்கள் பெயரில் ஓர் அறக்கட்டளை பதிவானது. உலகத்திலேயே முதல் முயற்சிகளில் ஒன்று என்று இன்றும் பாடமாகச் சொல்கிறார்கள், அந்தப் பெருமை நியாயமானது.

ஆனால் வரிசையைப் பாருங்கள். உரிமம் கொடுத்தது 1995, அறக்கட்டளை 1997. பேரம் முடிந்து இரண்டு வருடம் கழித்துத்தான் பணத்தை வாங்கிக்கொள்ள ஓர் அமைப்பே வருகிறது. காணிகள் ஒரே இடத்தில் இருப்பவர்களும் இல்லை, கேரளத்தில் பல பகுதிகளில் இருக்கிறார்கள், நம் பக்கம் பேச்சிப்பாறையிலும் பாபநாசம் மலையிலும் இருக்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு இல்லை இது. பிளாத்திகள் என்கிற அவர்களுடைய வைத்தியர்களில் சிலர், இந்த அறிவு விற்பனைக்கு இல்லை என்று எதிர்ப்பே தெரிவித்தார்கள். செடியைப் பயிர் செய்வதில் வனத்துறையோடு வேறு சிக்கல்.

அந்த இளைஞர்கள் வழிகாட்டிகளாகத்தான் போனார்கள், ஆராய்ச்சியாளர்களாக இல்லை. ஒரு வேளை 1987இலேயே இரண்டு காணி இளைஞர்களுக்கும் ஒரு பிளாத்திக்கும் ஃபெலோஷிப் கொடுத்து, ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்று கூடவே இருந்து பார்க்க வைத்திருந்தால், வெளியே சொல்லலாமா கூடாதா என்பதை ஊர் கூடிப் பேசிய பிறகு அடுத்த படிக்குப் போயிருந்தால்? பங்கு 50 சதவீதமா 30 சதவீதமா என்பதெல்லாம் அதற்கு அப்புறம் வருகிற கேள்வி. வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 3(1)(k) என்ன சொல்கிறது என்று பாருங்கள்: பல்லுயிர் பற்றிய பாரம்பரிய அறிவில் சமூகத்துக்கு அறிவுசார் சொத்துரிமை உண்டு என்கிறது. சட்டத்தில் இருப்பதை ஊரில் எடுத்துச் சொல்லக்கூட ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும்.

கோயம்புத்தூர் வாசகர்: அவர்களைப் பற்றி அவர்களே ஆராய்ந்தால் தங்களுக்குச் சாதகமாகத்தானே எழுதுவார்கள்? நடுநிலை எங்கே இருக்கும்?

பதில்: கேட்க வேண்டிய கேள்விதான். பதிலுக்கு, நம் சத்தியமங்கலம் காட்டை ஒட்டிக் கர்நாடகத்தில் இருக்கும் பிலிகிரிரங்கன் மலைக்குப் போவோம். சோளகர்கள் இரண்டு மாநிலத்திலும் இருக்கிறார்கள், அந்த மலை அவர்களுடைய பழைய இடம். 1974இல் சரணாலயம் ஆனதும் காட்டில் தீ வைப்பது, பயிர் செய்வது எல்லாம் நின்றது. தீ கெட்டது, காட்டை அழிக்கும் என்பது வனத்துறை படித்த பாடம். சோளகர்கள் சொன்னது வேறு. கோடையின் தொடக்கத்திலேயே சருகுக்கு மட்டும் மெல்லிய தீ வைப்போம், 'தரகு பெங்கி' என்று அதற்குப் பெயர், அது உண்ணிச்செடிக் கன்றுகளையும் மரத்தில் ஏறும் புல்லுருவியையும் அடக்கி வைத்திருந்தது, நீங்கள் நிறுத்தினீர்கள், உண்ணிச்செடி காட்டை மூடிவிட்டது, இப்போது தீ பிடித்தால் சருகோடு நிற்பதில்லை, மரமே எரிகிறது என்றார்கள். நெல்லிக்காய் பறிக்கப் போகும்போது புல்லுருவி பிடித்த கிளையை வெட்டிவிட்டு வருவோம், பறிக்கவே கூடாது என்று தடை போட்ட பிறகு நெல்லி மரம் சாகிறது என்றும் சொன்னார்கள்.

ரொம்ப நாள் இதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெங்களூரில் இருக்கும் ஏட்ரீ என்ற ஆய்வு நிறுவனத்தின் சூழலியலாளர்கள் சோளகர்களோடு உட்கார்ந்து இதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு களத்தில் வேலை செய்து, ஆய்விதழ்களில் எழுதிய பிறகுதான் வெளியே பேச்சானது. அந்த வேலையில் இருந்தவர்களில் ஒருவர் சி. மாதேகௌடா, அவரே சோளகர், முனைவர் பட்டம் வரை போனவர். ஊர்ப் பெரியவர்களோடு நடந்து தெய்வம் இருக்கும் இடங்களையெல்லாம் வரைபடத்தில் ஏற்றினார்கள். 2011இல் அங்கே சோளகர்களின் சமூக வன உரிமை அங்கீகரிக்கப்பட்டது, புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் அப்படி நடந்தது நாட்டிலேயே முதல் முறை.

இதில் யார் நடுநிலை, சொல்லுங்கள்? வனத்துறைக்கும் ஒரு பக்கம் இருந்தது, அதை யாரும் பக்கம் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். காடு கெட்டால் வாழ்க்கையே கெடும் என்று இருப்பவருக்குச் சரியான விடை தெரிய வேண்டிய அவசரம் மற்ற எல்லோரையும் விட அதிகம். அதற்காக ஊர்க்காரர் சொல்வதெல்லாம் அப்படியே சரி என்று நான் சொல்லவில்லை. பெரியவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபடும், ஆண் சொல்வதும் பெண் சொல்வதும் வேறாக இருக்கும், நினைவு தப்பும். அதையெல்லாம் மறைக்காமல் எழுதவும், எண்ணிப் பார்க்கவும், இன்னோர் ஊரில் போய் ஒத்துப் பார்க்கவும் பயிற்சி கொடுக்க வேண்டும். ஃபெலோஷிப்பில் துணையாளருக்கு என்று பணம் ஒதுக்கச் சொன்னது அதற்குத்தான்.

கிள்ளான், மலேசியா வாசகர்: எங்கள் நாட்டில் ஒராங் அஸ்லி எனப்படும் பழங்குடி மக்களின் நிலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மற்ற நாடுகளில் இதற்கு ஒழுங்கான ஏற்பாடு எங்காவது உண்டா?

பதில்: உண்டு. 1998இல் கனடாவின் முதல் குடிகள் நாலு விஷயத்தை வரையறுத்தார்கள்: எங்களைப் பற்றிய தகவல் எங்கள் உடைமை, அதன் மேல் கட்டுப்பாடு எங்களுக்கு, வேண்டும்போது பார்க்க வழி இருக்க வேண்டும், அது எங்கள் கையிலேயே இருக்க வேண்டும். அமெரிக்காவில் நவஹோ மக்களுக்கு 1996இலிருந்து சொந்த ஆய்வு மறுபார்வைக் குழு இருக்கிறது, அவர்கள் சம்மதம் இல்லாமல் அங்கே எந்த மருத்துவ ஆய்வும் நடக்காது, 2002இல் மரபணு ஆய்வையே நிறுத்தி வைத்தார்கள். அதே நாட்டில் 2000இல் வந்த ஒரு சுகாதார ஆய்வுத் திட்டத்தில் அரசுப் பணம் பழங்குடி அரசுகளுக்கும் அமைப்புகளுக்கும் நேராகப் போகிறது, பல்கலைக்கழகம் அவர்களிடம் வந்து சேர்ந்துகொள்ள வேண்டும். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த ஏற்பாடு இதுதான். தென்னாப்பிரிக்காவில் சான் மக்கள் 2017இல் தங்கள் நெறிமுறையைத் தாங்களே எழுதி, வருகிற ஆராய்ச்சியாளர்கள் இதன்படி நடக்க வேண்டும் என்று வெளியிட்டார்கள்.

உங்கள் நாட்டிலேயே சகோங் தாசி வழக்கு இருக்கிறதே. விமான நிலைய நெடுஞ்சாலைக்காக தெமுவான் என்ற ஒராங் அஸ்லி மக்களின் நிலத்தை எடுத்தபோது, அது காலங்காலமாகத் தங்கள் நிலம் என்று அவர்கள் நீதிமன்றத்தில் காட்ட வேண்டியிருந்தது. 2002இல் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எந்த மரம் யார் தாத்தா நட்டது, எந்த மேடு யாருடைய கல்லறை என்று ஊரிலேயே ஒருவர் எழுதி வைத்திருந்தால் இப்படியொரு வழக்கில் எவ்வளவு உதவும் என்று யோசியுங்கள். உங்கள் சங்கம் ஒரு ஃபெலோஷிப் கொடுக்க நினைத்தால் அங்கிருந்து தொடங்கலாம்.

திருச்சி வாசகர்: அரசே பழங்குடி மாணவர்களுக்கு ஃபெலோஷிப் கொடுக்கிறதே, நாம் வேறு எதற்கு?

பதில்: கொடுக்கிறது, அது தொடர வேண்டும். மத்தியப் பழங்குடியினர் நலத்துறையின் தேசிய ஃபெலோஷிப் வருடத்துக்கு 750 பேருக்கு. ஆனால் அது முதுகலைக்குப் பிறகு வருகிற கதவு. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் 7.94 லட்சம் பழங்குடி மக்கள், 36 சமூகங்கள். அந்தக் கதவு வரைக்கும் வந்து சேராதவர்கள் எவ்வளவு பேர் என்று நீங்களே கணக்குப் போடலாம். ஈரோட்டு ஐயா மாதிரி தனியார் கொடுக்கும் சின்னத் தொகைக்கு இடம் அங்கேதான்.

கூடலூர் வாசகி: அக்கா, நான் பணியர் சமூகம், +2 முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். எங்கள் பாட்டி வயல் வரப்பில் பறித்த கீரை பாதி இப்போது இல்லை. தகரை கிடைக்கிறது, சுருளி எங்கேயோ ஒன்று இரண்டு. நண்டும் இல்லை. களைக்கொல்லி அடிப்பதால் என்று பாட்டி சொல்கிறார், நெல் போய் இஞ்சியும் வாழையும் வந்ததால் என்று மாமா சொல்கிறார். எனக்கு எது சரி என்று தெரிந்துகொள்ள வேண்டும். இது ஆராய்ச்சி ஆகுமா? நான் செய்யலாமா?

பதில்: தங்கச்சி, இந்த மாதம் வந்த கடிதங்களிலேயே முதல் தரமான ஆராய்ச்சிக் கேள்வி உன்னுடையதுதான். ஒரே விஷயத்துக்கு இரண்டு விளக்கம் இருக்கிறது, எது சரி என்று போய்ப் பார்த்துச் சொல்லலாம். இதற்கு மேல் என்ன வேண்டும்?

இப்படித் தொடங்கு. 40 பக்க நோட்டு ஒன்று வாங்கு. பாட்டியோடும் அவர் வயசுப் பெண்கள் இரண்டு மூன்று பேரோடும் உட்கார்ந்து, அந்தக் காலத்தில் வயலிலிருந்து சாப்பிட்டது எல்லாவற்றையும் கேட்டு எழுது. பெயரை உங்கள் மொழியில் எப்படிச் சொல்கிறீர்களோ அப்படியே தமிழ் எழுத்தில் எழுது, எந்த மாதம் கிடைக்கும், எங்கே முளைக்கும் என்பதையும். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டால் நல்லது, ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருத்துவார், அந்தத் திருத்தமும் நோட்டில் இருக்கட்டும்.

அப்புறம் வயலைத் தேர்ந்தெடு. இன்னும் நெல் போடுகிற, மருந்து அடிக்காத வயல் இரண்டு, நெல் போட்டு மருந்து அடிக்கிற வயல் இரண்டு, இஞ்சியோ வாழையோ போட்டு மருந்து அடிக்காதது கிடைத்தால் அதில் இரண்டு. மூன்றாவது வகை கிடைப்பது கஷ்டம், கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று எழுது. ஒவ்வொன்றிலும் ஒரே நீளத்துக்கு வரப்பை அளந்து, மாதம் ஒரு தடவை பாட்டியோடு நடந்து என்ன என்ன இருக்கிறது என்று எண்ணு. எப்போது என்ன மருந்து அடித்தார்கள் என்று வயல்காரரிடம் சண்டை இல்லாமல் கேட்டு வை. ஒரு வருடம் முடியும்போது பாட்டி சொன்னது சரியா மாமா சொன்னது சரியா, அல்லது இரண்டும் கொஞ்சம் கொஞ்சமா என்று உன்னால் சொல்ல முடியும்.

ஒரு விஷயத்தில் கவனமாக இரு. சாப்பிடும் கீரை வேறு, மருந்துக்கு என்று பாட்டி சொல்கிற செடி வேறு. மருந்துச் செடியைத் தனி நோட்டில் எழுது, பாட்டியையும் ஊரையும் கேட்காமல் யாருக்கும் காட்டாதே, போட்டோ எடுத்து யூடியூபில் போடாதே. மேலே காணிகள் பற்றி எழுதியதைப் படித்தால் ஏன் என்று புரியும். நான் கேட்டால்கூடக் காட்ட வேண்டாம்.

படிப்பையும் விட்டுவிடாதே. கல்லூரிக்குப் போனால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு, முதுகலை முடித்தால் மேலே சொன்ன தேசிய ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கலாம். உதகை பக்கத்தில் முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது, ஒரு தடவை போய் அங்கே உங்கள் சமூகத்தைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வா. தப்பாக இருந்தால் குறித்துக்கொண்டு வா.

நாற்று நட்ட பிறகு முதல் களை வரும் சமயத்தில் தொடங்கினால் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன், பாட்டிக்கு என்னை விட நன்றாகத் தெரியும், அவரிடம் கேட்டுக்கொள். அப்புறம், உன் கடிதத்தை ஈரோட்டு ஐயாவுக்குக் காட்டலாமா என்று ஊரில் பேசிவிட்டு எனக்கு எழுது. உங்கள் பதில் வரும் வரை அது என் மேசையிலேயே இருக்கும்.